முதல் எதிரி: ஒரு வரப்புத் தகராறு குற்ற வழக்காகும் வழி

தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றே எழுதுவார்கள். ஒருவருக்கு மேல் இருந்தால் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எண் விழும். யாருக்கு எதிரி? அரசுக்கு. அடி வாங்கியவர் முதலில் புகார்தாரர், பிறகு ஒரு சாட்சி, அவ்வளவுதான். வழக்கை நடத்துவது அரசு. காவல் துறை, அரசு வழக்கறிஞர், அரசு மருத்துவர், தடய அறிவியல் ஆய்வகம் என்று ஒரு பக்கம் பெரிய படையே நிற்கிறது. மறுபக்கம் தனி ஆள். எதிரிக்குச் சட்டம் தரும் உரிமைகளெல்லாம் இந்த எடை வித்தியாசத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ‘குற்றவாளிக்கு எதற்கு இத்தனை சலுகை’ என்று டீக்கடையில் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அவர் குற்றவாளி என்று இன்னும் யாரும் தீர்ப்பு எழுதவில்லை. ‘கொள்ளையன் கைது’ என்று தலைப்பு போடும் நம் பத்திரிகைகளுக்கும் இது நினைவிருப்பதில்லை.

சட்டத்தைச் சட்டப் புத்தகத்தின் வரிசையில் சொன்னால் தூக்கம்தான் வரும். ஒரு கற்பனைத் தகராறை வைத்துக்கொண்டு போவோம். ஒரு கிராமத்தில் மேலவீட்டுக்காரரும் கீழவீட்டுக்காரரும் பங்காளிகள். நடுவில் ஒரு வரப்பு. ஒருநாள் காலை வரப்பை வெட்டியது யார் என்று பேச்சு தடிக்கிறது. கீழவீட்டுக்காரர் மண்வெட்டிக் காம்பால் ஓங்கி அடிக்கிறார். மேலவீட்டுக்காரருக்கு முன்கையில் அடி. கீழவீட்டுக்காரருக்கும் நெற்றியில் ரத்தம். மேலவீட்டுக்காரர் நேராக அரசு மருத்துவமனைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறார். அங்கே விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்லும் தாளில், ‘தெரிந்த நபர்கள் மூன்று பேர் தாக்கியதாக’ என்று ஒரு வரி எழுதப்படுகிறது. வழக்கின் விதை அந்த வரிதான். பின்னால் குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர்கள் முதலில் தேடிப் பிடிப்பதும் அதைத்தான்.

புகார், எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, குற்றச்சாட்டு

இந்த நான்கையும் பேச்சில் ‘கேஸ் போட்டுட்டாங்க’ என்ற ஒரே சொற்றொடரில் அடக்கிவிடுகிறோம். நான்கும் வேறு வேறு.

புகார் கொடுத்ததும் நிலையத்தில் பெரும்பாலும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. மனுவை வாங்கிக்கொண்டதற்கான அடையாளம் அது. வழக்குப் பதிவு ஆகிவிட்டதாக அர்த்தமில்லை. கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷிய அதிநியமும் நடைமுறையில் உள்ளன. வாயில் நுழையாத பெயர்கள்தான். நீதிமன்ற வளாகத்திலேயே இன்னும் பாதிப் பேர் பழைய எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் புது எண்ணைத் தேடுகிறார்கள். புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எல்லை பார்க்காமல் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால், துணைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கவும் இடம் தருகிறது.

நம் வரப்புத் தகராறில் எஃப்.ஐ.ஆர். இப்படி இருக்கும்: பிரிவுகள் 296(பி), 115(2), 118(1), 351(3). ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. கிராமத்துத் தகராறுகளில் இந்த நால்வர் அணி (பழைய எண்ணில் 294பி, 323, 324, 506-2) சேர்ந்தே வரும். உண்மையிலேயே அத்தனையும் நடந்ததா, எழுதுகிற கைப்பழக்கமா என்று சில சமயம் சந்தேகம் வரும். எதிரிகள் மூன்று பேர்: கீழவீட்டுக்காரர், அவர் தம்பி, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன். மகன் அன்று ஊரிலேயே இல்லை. குடும்பத்தையே சேர்த்து எழுதிக் கொடுப்பதும் பழைய பழக்கம்தான்.

பத்து நாள் கழித்து மருத்துவரின் காயச் சான்றிதழ் வருகிறது. முன்கை எலும்பு முறிந்திருக்கிறது. எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணில் ‘கொடுங்காயம்’. ஆய்வாளர் பிரிவு மாற்ற அறிக்கை ஒன்றை நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். 118(1) போய் 118(2) வருகிறது. மூன்று ஆண்டு வரை தண்டனை என்றிருந்தது இப்போது குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். நடந்த சம்பவம் அதேதான். ஒரு எக்ஸ்ரே படம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. கைது எளிதாகுமா, ஜாமீன் எப்போது கிடைக்கும், காவல் துறைக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதெல்லாம் அந்தப் பிரிவு எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் போகும். உங்கள் வீட்டில் யார்மீதாவது வழக்கு என்றால் முதலில் கேட்க வேண்டியது ‘என்ன செக்‌ஷன்’ என்பதுதான்.

புலன் விசாரணை முடிந்ததும் காவல் துறை தாக்கல் செய்வது குற்றப்பத்திரிகை. அது காவல் துறையின் கருத்து மட்டுமே. அதைப் படித்துப் பார்த்து, ‘இந்த நாளில், இந்த இடத்தில், இந்தச் செயலைச் செய்தீர், அது இந்தப் பிரிவில் தண்டிக்கத்தக்கது’ என்று நீதிபதி தன் கையால் எழுதுவதுதான் குற்றச்சாட்டு. ‘குற்றச்சாட்டு வனைதல்’ என்று தீர்ப்புகளில் படித்திருப்பீர்கள். குயவர் பானை வனைவதுபோல! இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் யாரோ, நன்றாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார். அதை எதிரிக்குப் படித்துக் காட்டி, விளக்கி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா என்று கேட்க வேண்டும். அதற்கு முன்பே குற்றப்பத்திரிகை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்கள் இலவசமாகக் கையில் வந்திருக்க வேண்டும். என்ன குற்றம், எந்த ஆதாரம் என்று தெரியாமல் யாரும் எதிர்வாதம் செய்ய முடியாதல்லவா.

ஆதாரமே இல்லையென்றால் இந்தக் கட்டத்திலேயே விடுவிக்கச் சொல்லி மனு போடலாம். திருப்பூர் மகன் அதைத்தான் செய்யப் பார்ப்பார். ஆனால் இங்கே ஒரு முடிச்சு. விடுவிப்பு மனுவில் நீதிபதி காவல் துறை கொடுத்த தாள்களை மட்டுமே பார்ப்பார். மகனின் வருகைப் பதிவேடு எவ்வளவு உறுதியானதாக இருந்தாலும் அதற்குரிய இடம் பொதுவாக நீதிமன்ற விசாரணைதான். விடுவிப்பு வேறு, விடுதலை வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விடுவிக்கப்பட்டவர்மீது புதிய ஆதாரம் கிடைத்தால் மறுபடி வழக்கு வரலாம். முழு விசாரணை நடந்து விடுதலை ஆனவரை, அந்தத் தீர்ப்பு நிலைத்திருக்கும்வரை, அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது.

கைதும் அந்த முதல் 24 மணி நேரமும்

வழக்குப் பதிவானால் கைது கட்டாயம் என்று பலர் நம்புகிறார்கள். சில காவலர்களும் அப்படியே நம்புகிறார்கள் போலிருக்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது ஏன் தேவை என்று காரணம் எழுத வேண்டும், தேவையில்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் போதும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘41ஏ நோட்டீஸ்’ என்று இன்றும் வழங்கும் அது இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் இருக்கிறது. நோட்டீஸ் வந்து, நீங்களும் சொன்ன தேதிக்குப் போய்க்கொண்டிருந்தால், தனிக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறைவான குற்றம் என்றால், 60 வயது கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்று புதிய சட்டம் சேர்த்திருக்கிறது. நம் வழக்கில் 118(2) வந்துவிட்டதால் கீழவீட்டுக்காரருக்கு இந்தப் பாதுகாப்புகள் கிடைக்கமாட்டா. அவர் முன்ஜாமீன் கேட்டு அமர்வு நீதிமன்றத்துக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ ஓடுவார்; கிடைக்கவில்லையென்றால் கைது.

கைதான மனிதருக்கு அந்த முதல் நாளில் உள்ள உரிமைகள்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் எண்ணம். வழக்கு திசை மாறுவதும், மனிதர்கள் சாவதும் அந்த நேரத்தில்தான். அரசியல் சாசனத்தின் 22ஆம் உறுப்பு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: ஏன் கைது என்று உடனே சொல்ல வேண்டும், தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும், அடுத்து, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். ‘சும்மா விசாரணைக்குக் கூட்டிட்டுப் போறோம்’ என்று சொல்லி இரண்டு நாள் உட்கார வைத்துவிட்டு மூன்றாம் நாள் கைதுக் குறிப்பில் நேரம் எழுதுவது இந்த 24 மணி நேரத்தை ஏமாற்றும் பழைய தந்திரம். கைதுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும் என்று 2023இல் பங்கஜ் பன்சல் வழக்கில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கும், 2024இல் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கும் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 நவம்பரில் அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்தது. அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில். உடனே எழுதித் தர முடியாத நிலையில் வாயால் சொல்லலாம். ஆனால் நடுவர் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

கைதுக் குறிப்பில் குடும்பத்தினரோ ஊர்க்காரரோ ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், உறவினருக்குத் தகவல் போக வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பவை டி.கே. பாசு வழக்கிலிருந்து வந்தவை. மேற்கு வங்கத்தில் காவல் நிலைய மரணங்கள் பற்றிப் பத்திரிகைகளில் வந்த செய்திகளைச் சுட்டி 1986இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதப்பட்ட ஒரு கடிதமே மனுவாகி, 1996இல் தீர்ப்பானது. இன்று அவை சட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டன.

நடுவர் முன் நிறுத்துவதை வெறும் சடங்காக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டுக்கு ஒரு பெயர் தெரியும்: சாத்தான்குளம். 2020 ஜூனில் ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போய், அடுத்தடுத்து இறந்தார்கள். ரிமாண்ட் நேரத்தில் அவர்களை அருகில் அழைத்துச் சரியாகப் பார்க்கவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போது பலமாக எழுந்தது. நடுவர் அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி எளியது: ‘அடித்தார்களா? காயம் இருக்கிறதா?’ கேட்காவிட்டாலும் எதிரி சொல்லலாம். சொன்னால் நடுவர் பதிவு செய்ய வேண்டும்.

கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. திரைப்படப் போலீஸ் நமக்கு வேறு பாடம் நடத்திவிட்டது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது 20(3)ஆம் உறுப்பு. ஒடிசா முன்னாள் முதல்வர் நந்தினி சத்பதி காவல் துறையின் கேள்விகளுக்குப் பதில் எழுத மறுத்தபோது, இந்த உரிமை காவல் நிலையக் கேள்விக்கும் பொருந்தும் என்று 1978இல் தீர்ப்பானது. உண்மை கண்டறியும் ஊசி, மூளை வரைபடம், பொய் அறியும் கருவி எதையும் சம்மதமின்றிச் செய்யக் கூடாது என்பது 2010இல் செல்வி வழக்கின் தீர்ப்பு. கைரேகை, ரத்த மாதிரி போன்றவை இதில் அடங்கா. அவற்றை எடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது.

அப்படியென்றால், ‘எதிரி தானாக முன்வந்து கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம்’ என்று ஒவ்வொரு குற்றப்பத்திரிகையிலும் இருக்கிறதே, அது என்ன? நீதிமன்றத்தில் அதற்குப் பெரும்பகுதி மதிப்பே இல்லை. காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைச் சாட்சியமாக ஏற்க முடியாது. 1872 சாட்சியச் சட்டத்தில் ஆங்கிலேயர்களே எழுதி வைத்த விதி அது. தங்கள் போலீஸை அவர்களே நம்பவில்லை. புதிய சட்டத்திலும் 23ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஒரே ஒரு வாசல் திறந்திருக்கிறது: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், கண்டுபிடிப்புக்கு நேரடியாகக் காரணமான பகுதி மட்டும் செல்லும். ‘மண்வெட்டிக் காம்பை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன்’ என்பது வரும். ‘அதால்தான் அவன் கையை உடைத்தேன்’ என்பது வராது. இந்தக் கோட்டைத் துல்லியமாகக் கிழித்தது மதராஸ் மாகாணத்திலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுக்குரி கோட்டையா வழக்கு. நம் ஊரில் இந்த வாக்குமூலத்துக்கும், பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகஜருக்கும் சாட்சியாகக் கையெழுத்துப் போடுபவர் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர். பாவம், பட்டா மாறுதலுக்கு நடுவே இதற்கும் கோர்ட்டுக்கு அலைவார்.

ஜாமீனும் நாள் கணக்கும்

சில குற்றங்களில் ஜாமீன் உரிமை. ஜாமீன்தாரர் கிடைத்தால் நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். மற்றவற்றில் அது நீதிமன்றத்தின் முடிவு: ஓடிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, குற்றம் எவ்வளவு கடுமையானது என்று பார்ப்பார்கள். கிடைத்தாலும் ‘தினமும் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்து’ என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டு வரும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த 10.30 என்பதே ஒரு தண்டனை. நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது இன்னொரு ஜாமீன். கைதானவர் சிறையில் இருக்கும்போது காவல் துறை 60 நாளுக்குள், கடுமையான குற்றமென்றால் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லையென்றால், குற்றம் எவ்வளவு பெரிதானாலும் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய 118(2) இருப்பதால் கீழவீட்டுக்காரருக்கு 90 நாள் கணக்கு. கொரோனா காலத்தில் எல்லாக் கெடுவும் நீட்டிக்கப்பட்டதே, இதுவும் நீளுமா என்ற கேள்வி மதுரை மாவட்டம் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்றில் எழுந்தது. நீளாது, பெருந்தொற்றிலும் தனிமனித சுதந்திரத்தின் கெடு அப்படியேதான் இருக்கும் என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லி ஜாமீன் கொடுத்தது. ஒரு எச்சரிக்கை: இந்த ஜாமீன் தானாக வராது. 91ஆம் நாள் காலையில் மனு உள்ளே போக வேண்டும். அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் வாய்ப்பு போயிற்று.

விசாரணைக் கைதியாகவே காலம் கழிவது இந்நாட்டின் பெரிய நோய். 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் பீகார்ச் சிறைகளைப் பார்த்தபோது, குற்றம் நிரூபணமானால் கிடைத்திருக்கும் தண்டனையைவிட அதிக நாள் உள்ளே கிடந்தவர்கள் இருந்தார்கள். 2022ஆம் ஆண்டின் தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி சிறையில் இருந்தவர்களில் சுமார் 75 விழுக்காட்டினர் தண்டனை பெறாதவர்கள். புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால் விடச் சொல்கிறது, மற்றவர்களுக்குப் பாதி. தூக்கோ ஆயுளோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. பல வழக்குகள் நிலுவையில் உள்ளவருக்கும் இந்தச் சலுகை இல்லை.

வக்கீலுக்குப் பணமில்லை என்பது காரணமாகக் கூடாது. சிறையில் அல்லது காவலில் இருக்கும் எவரும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். அந்தந்த நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100. வழக்கறிஞர் இல்லாமலே தண்டிக்கப்பட்ட ஒருவரின் தண்டனையை, அவர் உதவி கேட்கவில்லை என்பது காரணமாகாது என்று சொல்லி 1986இல் சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். இதுவரை சொன்ன ஏற்பாட்டுக்கு வெளியே ஒரு கதவு இருக்கிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம், அதாவது ‘குண்டாஸ்’. அதில் அடைக்கப்படுபவர் செய்த குற்றத்துக்காக அடைக்கப்படுவதில்லை. இனிமேல் செய்வார் என்ற ஊகத்துக்காக அடைக்கப்படுகிறார், ஓராண்டு வரை. 24 மணி நேரம், வழக்கறிஞர் என்ற இரண்டு பாதுகாப்புகளையும் தடுப்புக் காவலுக்கு அரசியல் சாசனமே விலக்கி வைத்திருக்கிறது. அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் கழகமும், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும்தான் வழி. ஆவணங்களின் தெளிவான நகல் தரவில்லை, முறையீட்டை உரிய நேரத்தில் பரிசீலிக்கவில்லை என்பது போன்ற காரணங்களால் இந்த ஆணைகள் உடைவது சாதாரணம். அதற்குள் பல மாதம் ஓடியிருக்கும்.

என்னவெல்லாம் எதிர்வாதம்

எதிர்வாதம் என்றால் கூண்டில் நின்று வசனம் பேசுவது என்று நினைக்க வேண்டாம். முதல் எதிர்வாதம் மௌனம்தான். நிரூபிக்கும் சுமை அரசின் தோளில். சந்தேகத்துக்கு இடமின்றி அது நிரூபிக்காவிட்டால் எதிரி ஒரு வார்த்தை பேசாமலே விடுதலை. பெரும்பாலான குற்ற வழக்குகள் குறுக்கு விசாரணையிலேயே உடைகின்றன. தமிழில் எழுதப்படும் சாட்சியத்தாள்களைப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் ‘என்றால் சரியல்ல’ என்று இருக்கும். ‘சம்பவ இடத்தில் நான் இல்லை என்றால் சரியல்ல’, ‘முன்விரோதம் காரணமாகப் பொய் சாட்சியம் அளிக்கிறேன் என்றால் சரியல்ல’. வழக்கறிஞர் அப்படிக் கேட்டார், சாட்சி மறுத்தார் என்று பொருள். வழக்கறிஞர் தன் தரப்பை ஒவ்வொரு சாட்சி முன்னும் வைத்தார் என்பதற்கான தடயம் அது.

திருப்பூர் மகனின் வாதம் ‘நான் அங்கே இல்லை’. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்ற எளிய தர்க்கம். கம்பெனி வருகைப் பதிவு, கேமரா, கைப்பேசிக் கோபுரத் தகவல் எல்லாம் உதவும். ஆனால் கடைசி நேரத்தில் எடுத்துப் போட்டால் நம்பமாட்டார்கள். முதல் நாளிலிருந்தே சொல்ல வேண்டும்.

கீழவீட்டுக்காரருக்கு அந்த வசதி இல்லை. அடித்தது உண்மை. அவர் சொல்லக்கூடியது, ‘முதலில் அவன்தான் என் நெற்றியில் அடித்தான், தடுக்கத்தான் அடித்தேன்.’ தற்காப்பு உரிமை நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரை பிரிவுகளில் இருக்கிறது. தன் உடலையும் உடைமையையும் மட்டுமல்லாமல் அடுத்தவருடையதையும் காக்கலாம். ஓடித் தப்பித்திருக்கலாமே என்று சட்டம் கேட்பதில்லை. அடி விழும் நொடியில் எதிரடியைத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்க முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனால் ஆபத்து முடிந்தபின், விழுந்து கிடப்பவரை இன்னும் நாலு போட்டால் அது தற்காப்பு ஆகாது. விதிவிலக்கைக் கேட்பவர்தான் அதைக் காட்ட வேண்டும். ஆயினும் அரசைப் போல ஐயமறக் காட்ட வேண்டியதில்லை, ‘இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம்’ என்ற அளவு போதும். இங்கேதான் நெற்றிக் காயம் பேசும். எதிரியின் உடலிலும் காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு வாயே திறக்கவில்லையென்றால், அது வழக்கில் பெரிய ஓட்டை. 1976இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். அன்று கீழவீட்டுக்காரரும் மருத்துவமனைக்குப் போய் ஒரு ஏ.ஆர். காப்பி போட்டிருந்தால்! கோபத்தில் வீட்டுக்குப் போய் மஞ்சள் தடவிக்கொண்டார்.

மற்ற விதிவிலக்குகள்: ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை செய்தது குற்றமாகாது, செயலின் தன்மையே புரியாத மனநோய், பிறர் அறியாமல் கொடுத்த போதை, எதிர்பாராத விபத்து ஆகியவற்றுக்கும் விலக்கு உண்டு. ‘நானே குடித்துவிட்டேன்’ என்பது எடுபடாது.

இவற்றைவிடப் பலருக்குக் குழப்பம் தருவது கொலை எப்போது கொலை என்பது. ஒரு சாவுக்கு மூன்று பெயர் இருக்கலாம். கவனக்குறைவால் வண்டி மோதிச் செத்தால் 106, கொலையாகாத மரணம் விளைவித்தல் 105, கொலை 103. நடுவில் இருக்கும் கோடு மனநிலை. இதைப் புரிந்துகொள்ள நானாவதி வழக்கைவிட நல்ல பாடம் இல்லை. 1959 ஏப்ரல் 27, பம்பாய். கடற்படை அதிகாரி கே.எம். நானாவதியிடம் அவர் மனைவி, குடும்ப நண்பர் ஒருவரோடு தனக்கு உறவு இருப்பதைச் சொல்கிறார். நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் சினிமாவுக்குக் கொண்டுபோய் விடுகிறார். கப்பலுக்குப் போய் வேறு காரணம் சொல்லி ரிவால்வர் வாங்குகிறார். அந்த நண்பரின் அலுவலகத்துக்குப் போகிறார், அங்கே இல்லை. வீட்டுக்குப் போகிறார். சுடுகிறார். கடுமையான, திடீர்த் தூண்டுதலால் நிலை இழந்து செய்தால் கொலைக் குற்றம் ஒரு படி இறங்கும். ஜூரிகள் 8க்கு 1 என்று அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். ஊர் முழுக்க அவர் பக்கம். உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் கொலை என்றது. 1961இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. தூண்டுதல் கடுமையானதுதான், ஆனால் சினிமாக் கொட்டகைக்கும் கப்பலுக்கும் அலுவலகத்துக்கும் போய்வந்த சுமார் மூன்று மணி நேரத்தில் கோபம் ஆறிப் புத்தி திரும்பப் போதிய இடம் இருந்தது. பிறகு ஆளுநர் மன்னிப்பில் அவர் வெளியே வந்தார், அது வேறு கதை. ‘ஆத்திரத்தில் செய்துவிட்டேன்’ என்று சொல்லும் எவரிடமும் நீதிமன்றம் கேட்பது இதைத்தான்: கடிகாரத்தில் மணி என்ன?

அரசுத் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி எதிரியை நேரடியாகக் கேட்பார்: உங்களுக்கு எதிராக இந்தச் சாட்சியம் வந்திருக்கிறது, என்ன சொல்கிறீர்கள்? நடைமுறைச் சட்டத்தில் இதன் பழைய எண் 313, இப்போது 351. சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாததற்கும் பொய் சொன்னதற்கும் தனித் தண்டனை இல்லை. பெரும்பாலான எதிரிகள் ‘பொய் வழக்கு’ என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அது வீணான வாய்ப்பு. நெற்றிக் காயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

நம் வரப்பு வழக்குக்கு வருவோம். விசாரணை தொடங்குவதற்குள் சில வருஷம் ஓடிவிடும். வாய்தா வாய்தாவாக இரண்டு குடும்பமும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்கு வரும். நடுவில் ஒரு கல்யாணம் வந்து பேச்சுவார்த்தையும் வந்துவிடும். சாதாரணக் காயத்துக்கான 115(2) சமரசத்துக்குரிய குற்றம், 118(2) அப்படியல்ல. அதை ரத்து செய்ய இருவரும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை, செலவும் அதிகம். அதனால் ஊர்ப்பெரியவர்கள் காட்டும் குறுக்குவழி வேறு. மேலவீட்டுக்காரர் கூண்டில் ஏறி, ‘கூட்டத்தில் பின்னால் இருந்து அடி விழுந்தது, யார் அடித்தார்கள் என்று தெரியாது’ என்பார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ் சாட்சியாக அறிவிக்கக் கேட்டு, தன் சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வார். சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது தனிக் குற்றம், ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. இருந்தும் இது அன்றாடம் நடக்கிறது. மருத்துவரும் கிராம நிர்வாக அலுவலரும் சொல்வதை மட்டும் வைத்து நீதிபதி என்ன செய்ய முடியும்? எலும்பு முறிந்தது நிரூபணம். முறித்தது யார் என்பது இல்லை. சந்தேகத்தின் பலனை அளித்து மூன்று எதிரிகளும் விடுதலை.

வரப்பு யாருடையது என்று அந்தத் தீர்ப்பில் ஒரு வரியும் இருக்காது. அதற்கு முன்சீப் கோர்ட்டில் தனி சிவில் வழக்கு, அதில் யாரும் எதிரி இல்லை, வாதி, பிரதிவாதி.